சத்தம் போடும் வீடும் சத்தமில்லாத வீடும்

1986இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரம் இருக்கும் வேன் கவுன்டியில், புதிதாகக் கல்யாணமான 373 தம்பதிகளிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். பாதிக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர்கள், மற்றவர்கள் வெள்ளையர்கள். உங்களுக்குள் சண்டை வந்ததா, வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கணவர்களில் 29 சதவீதமும் மனைவிகளில் 21 சதவீதமும் சண்டையே வரவில்லை என்றார்கள். அதே தம்பதிகளை 16 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். பதினாறாம் ஆண்டுக்குள் 46 சதவீதம் பேர் விவாகரத்து செய்திருந்தார்கள். கிரா பர்டிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் இந்தத் தகவல்களை அலசிப் பார்த்தபோது, முதல் வருஷத்தில் சண்டை வந்ததா இல்லையா என்பதற்கும் பின்னால் பிரிந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை.

சண்டை வந்தபோது யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் தொடர்பு தெரிந்தது. கத்தித் திட்டுகிற தம்பதிகள் அதிகம் பிரிந்தார்கள் என்பது எல்லோரும் எதிர்பார்க்கக்கூடியது. இன்னொரு கூட்டணியும் அதே ஆபத்தைக் காட்டியது: ஒருவர் நிதானமாகப் பேசித் தீர்க்கப் பார்க்கிறார், மற்றவர் எழுந்து போய்விடுகிறார். எழுந்து போகிறவர், சண்டையை வளர்க்காமல் நான் நல்லதுதானே செய்கிறேன் என்று மனதார நம்புவார். பேச வந்தவருக்கு அது வேறு மாதிரி படும். இவருக்கு என்மேலும் அக்கறை இல்லை, இந்த விஷயத்தின்மேலும் அக்கறை இல்லை என்று தோன்றும்.

நம் வீடுகளில் “எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சதில்லை” என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சொல்கிறவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்திலிருந்து அந்தக் கல்யாணம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது வேறொரு ஊரில் நடந்த ஆராய்ச்சி.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் 1986இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பார்க்க ஒரு சின்ன அபார்ட்மென்ட் மாதிரி இருக்கும். சமையலறை, சோஃபா, ஜன்னல் எல்லாம் உண்டு. சுவரில் கேமராக்கள், உடம்பில் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி. இதற்கு முன்பே, ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து அவர் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். கணவனும் மனைவியும் குறைந்தது எட்டு மணி நேரம் பிரிந்திருந்துவிட்டு வர வேண்டும். முதலில், இன்று என்ன நடந்தது என்று சும்மா பேசிக்கொள்ள வேண்டும். அப்புறம், இருவருக்கும் ஒத்துவராத ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிஷம் பேச வேண்டும். அந்த 15 நிமிஷத்தில் வந்துபோன ஒவ்வொரு முகபாவத்தையும், குரல் ஏறி இறங்கியதையும் பயிற்சி பெற்றவர்கள் நொடிக்கு நொடி குறித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்தார்கள் என்று பார்த்தார்கள்.

சேர்ந்திருந்தவர்களும் சண்டை போட்டார்கள். கோபப்பட்டார்கள். ஆனால் சண்டைக்கு நடுவிலும் ஒரு கடுமையான சொல்லுக்கு ஏறக்குறைய ஐந்து நல்ல அசைவுகள் இருந்தன. ஒரு சிரிப்பு, “சரி, அது உண்மைதான்” என்ற ஓர் ஒப்புதல், கையைத் தொடுவது, தலையை ஆட்டிக் கேட்பது. பிரிவை நோக்கிப் போனவர்களிடம் இந்த விகிதம் சரிந்திருந்தது. நல்லதும் கெட்டதும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன, அல்லது கெட்டது மிஞ்சியது.

காட்மன் நான்கு நடத்தைகளை ஆபத்தானவையாக எடுத்துச் சொல்கிறார். அவற்றை நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்த்தால்தான் சரியாகப் புரியும். “ஏங்க, கரண்டு பில் கட்ட மறந்துட்டீங்களா? இன்னிக்குத்தானே கடைசித் தேதி?” இது புகார். புகாரில் தப்பே இல்லை. ஒரு காரியம் நடக்கவில்லை, அதைச் சொல்கிறார், அவ்வளவுதான். “நீங்க எப்பவுமே இப்படித்தான், ஒரு வேலையும் உருப்படியா செய்ய மாட்டீங்க” என்றால் அது ஆளையே குறை சொல்வது. பில் போய் மனுஷன் வந்துவிட்டான். அதைக் கேட்டு அவர், “ஏன், நீ கட்டியிருக்கக் கூடாதா? ஆஃபீஸ்ல எனக்கு எவ்வளவு வேலைன்னு உனக்குத் தெரியுமா?” என்றால் அது சால்ஜாப்பு. கேட்டது எதற்கும் அதில் பதில் இல்லை. நான்காவதாக, ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பது. கல்லைப் போல.

மூன்றாவதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது இளக்காரம். “உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.” “உனக்கு என்னடி தெரியும், வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.” சில சமயம் சொல்லே தேவைப்படாது. உதட்டை ஒரு பக்கம் சுழித்தால் போதும், முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டால் போதும், சொந்தக்காரர்கள் முன்னால் “இவ சமையலைச் சாப்பிட்டே நான் பாதியாயிட்டேன்” என்று சிரித்தால் போதும். நான்கிலும் விவாகரத்தைக் காட்டிக்கொடுப்பதில் முதலிடம் இளக்காரத்துக்குத்தான் என்கிறார் காட்மன். காரணம் எனக்குப் புரிகிறது. கோபத்தில் இருவரும் ஒரே தரையில் நின்றுகொண்டு கத்துகிறார்கள். இளக்காரத்தில் ஒருவர் திண்ணைமேல் ஏறி நின்றுகொண்டு மற்றவரைக் கீழே பார்க்கிறார். கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தீர்க்கலாம். என்னை மதிக்கவே மதிக்காதவரிடம் நான் எதைத் தீர்ப்பது?

இதே ஆராய்ச்சியிலிருந்து வந்த இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பயன்பட்டவை. ஒன்று, பேச்சு தொடங்கும் விதம். 1999இல் சிபில் கரேரும் காட்மனும் 124 புதுத் தம்பதிகளின் பதிவுகளை வைத்து எழுதிய கட்டுரையில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிஷத்திலேயே பின்னால் பிரிந்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது என்றார்கள். இரண்டாவது, தம்பதிகள் சண்டை போடும் விஷயங்களில் 69 சதவீதம் என்றைக்கும் தீராதவை என்பது காட்மனின் கணக்கு. மாமியார் வீட்டுக்கு எத்தனை நாள் போவது, பணத்தைச் சேர்ப்பதா செலவழிப்பதா, பிள்ளையை அதட்டுவதா விடுவதா. இவை ஆளோடு வந்தவை. நன்றாக வாழ்கிற தம்பதிகளும் இவற்றைத் தீர்த்துவிடுவதில்லை. இருபது வருஷமாக அதே விஷயத்தை, ஆனால் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல், பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுந்து போகிறவர், கல்லாக உட்காருகிறவர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றித்தான் நாம் அதிகம் தப்பாக நினைக்கிறோம். வெளியே அமைதியாகத் தெரிபவரின் நாடித்துடிப்பு உள்ளே ஏறியிருப்பதைக் கருவிகள் காட்டின. நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் சரியாக ஏறாது என்கிறார் காட்மன். அப்போது குறைந்தது இருபது நிமிஷம் விலகி இருந்துவிட்டு, பிறகு திரும்பி வந்து பேச வேண்டும். இந்தத் “திரும்பி வந்து” என்பதுதான் எல்லா வித்தியாசமும். “தலை சுத்துது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போவதும், ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போவதும் ஒன்றாகாது.

உடம்பு இதில் எவ்வளவு ஈடுபடுகிறது என்பதற்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் நடத்திய ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 42 தம்பதிகளை ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் தங்கவைத்து, கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயங்களை உண்டாக்கினார்கள். ஒருமுறை தங்கியபோது ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள், இன்னொருமுறை தகராறான விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். தகராறுக்குப் பிறகு காயம் ஆறத் தாமதமானது. எப்போதுமே கடுப்போடு பேசிக்கொண்ட தம்பதிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. 2005இல் வெளியான முடிவு இது. மனசு புண்பட்டது என்று நாம் சொல்வது வெறும் சொல் வழக்கு இல்லை என்று இதைப் படித்தபோது தோன்றியது.

சரி, யார் துரத்துகிறார்கள், யார் ஒதுங்குகிறார்கள்? மனைவி கேட்டுக்கொண்டே இருப்பார், கணவர் நழுவிக்கொண்டே இருப்பார் என்பது எல்லோருக்கும் பழகிய காட்சி. பெண்களின் சுபாவமே நச்சரிப்பதுதான் என்று அதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990இல் இதைச் சோதித்தார்கள். மனைவி மாற்றம் கேட்கும் ஒரு விஷயத்தையும், கணவன் மாற்றம் கேட்கும் ஒரு விஷயத்தையும் தனித்தனியாகப் பேசச் சொன்னார்கள். மனைவியின் விஷயம் பேசியபோது மனைவி துரத்தினார், கணவர் ஒதுங்கினார். கணவரின் விஷயம் பேசியபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது, இருக்கிற ஏற்பாடு யாருக்கு வசதியாக இருக்கிறதோ அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவாதவருக்குப் பாத்திரம் கழுவுவது பற்றிப் பேச என்ன அவசரம்?

இந்தப் பார்வையை நம் பக்கத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது 2006இல் உஸ்மா ரஹ்மானும் ஏமி ஹோல்ட்ஸ்வொர்த்-மன்ரோவும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கத் தம்பதிகளையும், பாகிஸ்தானில் வாழும் தம்பதிகளையும், பாகிஸ்தானிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாகிஸ்தானில் படம் தலைகீழானது. அங்கே கணவர்கள் அதிகம் வற்புறுத்தினார்கள், மனைவிகள் அதிகம் ஒதுங்கினார்கள். மனைவிகள் கேட்டபோதும் நேரடியாகக் கேட்காமல் தணிந்து, சுற்றி வளைத்துக் கேட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர் வாய் திறப்பதில்லை. சுபாவம் என்று நாம் பேர் வைத்ததில் பெரும்பகுதி, வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதுதான். மனைவி எதிர்த்துப் பேசாத வீட்டைப் பார்த்து “நல்ல பொண்ணு, அடக்கமான பொண்ணு” என்று மெச்சும்போது இதை யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

காலமும் ஒரு விஷயம். காட்மனும் லெவன்சனும் 79 தம்பதிகளை 14 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சீக்கிரம் பிரிந்தவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே கடுமையாக மோதிக்கொண்டவர்கள். பல ஆண்டுகள் கழித்துப் பிரிந்தவர்களிடம் அந்த மோதல் தெரியவில்லை. அவர்களிடம் வேறொன்று குறைந்திருந்தது. “இன்று என்ன நடந்தது” என்று சும்மா பேசிய அந்த முதல் பேச்சில்கூடச் சிரிப்பு இல்லை, ஆர்வம் இல்லை, “அப்புறம் என்ன ஆச்சு?” என்ற கேள்வி இல்லை. டெட் ஹஸ்டன் பென்சில்வேனியாவில் 1981இல் கல்யாணமான 168 தம்பதிகளைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தபோதும் இதை ஒட்டிய ஒன்றைத்தான் கண்டார். முதல் இரண்டு வருஷத்தில் அன்பைக் காட்டுவது எவ்வளவு சரிந்தது என்பது பின்னால் வந்த பிரிவுகளை முன்கூட்டியே காட்டியது.

தமிழில் பிணக்கின் படிகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. புலவி என்பது இளைய கலாம் (கலாம் என்றால் சண்டை), துனி என்பது முதிர்ந்த கலாம் என்று பழைய உரைகாரர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஊடலைக் காதலின் பகுதியாகவே வைத்தார்கள். ஊடுகிறவர் சமாதானப்படுத்த ஆள் வருவார் என்று நம்பித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த நம்பிக்கை போனபின் வரும் மௌனத்துக்கு ஊடல் என்று பெயர் இல்லை.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியானால் பேசக் கற்றுக்கொடுத்தால் விவாகரத்தைத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காட்மன் 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக விவாகரத்தைக் கணிக்கிறார் என்று பத்திரிகைகள் பல வருஷம் எழுதின. அந்தச் சூத்திரங்களில் பல, யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு அதே தம்பதிகளின் தகவலுக்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டவை. விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினாவுக்குக் குறுக்குவழி எழுதுவது போல. அந்தக் குறுக்குவழி அடுத்த வினாத்தாளுக்கும் உதவுமா என்பதுதான் உண்மையான சோதனை. ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் அப்படிச் சோதித்துக் காட்டினார்கள். தம்பதிகளை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியில் அமைத்த சூத்திரத்தை இரண்டாம் பாதியில் போட்டுப் பார்த்தபோது கணிப்பு வெகுவாக விழுந்தது. ஆகவே, நான்கு நடத்தைகள் ஆபத்தை உயர்த்துகின்றன என்று சொல்லலாம். உங்கள் வீட்டைப் பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டு நீங்கள் பிரிவீர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எது காரணம், எது விளைவு என்ற கேள்வியும் இருக்கிறது. ஜஸ்டின் லாவ்னர், பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி மூவரும் லாஸ் ஏஞ்சலஸில் வருமானம் குறைந்த பகுதிகளில் வாழ்ந்த 431 புதுத் தம்பதிகளை ஒன்பது மாத இடைவெளியில் நான்கு முறை பார்த்தார்கள். எந்த ஒரு நேரத்திலும் மகிழ்ச்சியான தம்பதிகள் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் இன்று நன்றாகப் பேசுவது நாளைய மகிழ்ச்சியைக் கொண்டுவருகிறதா என்று பார்த்தபோது சான்று பலமாக இல்லை. மகிழ்ச்சி முதலில், பேச்சு பின்னால் என்ற திசையும் குறைந்தபட்சம் அதே அளவுக்குத் தெரிந்தது. கெட்ட பேச்சு பல வீடுகளில் காய்ச்சல் மாதிரி. நோய் வேறெங்கோ இருக்கும்.

அமெரிக்க அரசு இதைப் பெரும் செலவில் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் தொடங்கிய திருமண உறவுத் திட்டங்களில், 8 இடங்களில் 5,000க்கும் மேற்பட்ட, குழந்தை பெற்ற அல்லது பெறவிருந்த, இன்னும் கல்யாணமாகாத ஏழை ஜோடிகளைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை என்று 2010இல் அறிக்கை வந்தது. ஓக்லஹோமாவில் நல்ல பலன் தெரிந்தது, பால்டிமோரில் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிரிந்தார்கள். கல்யாணமான 6,298 தம்பதிகளிடம் நடந்த இன்னொரு திட்டத்தில் உறவு சற்று மேம்பட்டது, ஆனால் பிரியாமல் இருப்போர் எண்ணிக்கை மாறவில்லை. வேலை நிரந்தரமில்லை, வாடகை பாக்கி, இரவு ஷிஃப்ட் ஒருவருக்கு, பகல் ஷிஃப்ட் மற்றவருக்கு. இருவரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தில் என்ன பேசுவது? சம்பளம் இருபதாம் தேதியோடு தீர்ந்துபோகும் வீட்டில் அழகாகப் பேசுவது எப்படி என்று பாடம் எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லா விவாகரத்தும் ஒரே மாதிரி இல்லை என்பதற்குப் பால் அமாட்டோவும் பிரைண்டில் ஹோமன்-மேரியட்டும் 2007இல் எழுதியதை அவசியம் சொல்ல வேண்டும். விவாகரத்து செய்த 509 தம்பதிகள் பிரிவதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்தில் ஓயாத சண்டை, மனக்கசப்பு. இன்னொன்றில் அதிகம் சண்டை இல்லை, ஓரளவு நிம்மதிகூட இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு முதல் கூட்டத்தினரின் மகிழ்ச்சி உயர்ந்தது, இரண்டாம் கூட்டத்தினருக்குக் குறைந்தது. பிள்ளைகள் விஷயத்திலும் அமாட்டோ முன்பே இதை ஒட்டிய முடிவைச் சொல்லியிருந்தார். ஓயாமல் சண்டை நடக்கும் வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளைகள் பின்னாளில் நன்றாகவே இருக்கிறார்கள், சண்டை வெளியே தெரியாத வீடு திடீரென்று உடைந்தால்தான் அதிகம் ஆடிப்போகிறார்கள். “பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருக்கிறோம்” என்பது எந்த வீட்டில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறுகிறது.

இதில் அடி உதை இருக்கும் வீட்டை நான் சேர்க்கவே இல்லை. ஒருவர் மற்றவரை அடித்து, மிரட்டி, பணத்தையும் போனையும் பிடுங்கி அடக்கி வைத்திருந்தால் அது கருத்து வேறுபாடும் அல்ல, பேச்சுக் கோளாறும் அல்ல. அந்தப் பெண்ணிடம் “பக்குவமா எடுத்துச் சொல்லிப் பாரும்மா” என்று அனுப்பிவைப்பது அவளை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவது. இந்தியாவில் அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது.

இந்தியாவில் விவாகரத்து எண்ணிக்கையை வைத்துத் தாம்பத்தியத்தின் நிலைமையை அளக்கவே முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர், மணமானவர்களோடு ஒப்பிட்டால் 0.24 சதவீதம். விவாகரத்து ஆகாமலே பிரிந்து வாழ்பவர்கள் 0.61 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. கோர்ட்டுக்குப் போகப் பணமும் தைரியமும் இல்லை, போனால் ஊர் பேசும். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு நம் ஊரில் வாழாவெட்டி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். நான் மேலே இளக்காரம் என்று சொன்னது அந்த ஒரு சொல்லுக்குள் முழுசாக இருக்கிறது, அதை ஊரே சேர்ந்து சொல்கிறது.

நம் நீதிமன்றங்களும் இதே எல்லைக்கோட்டைத் தேடியிருக்கின்றன. மனரீதியான கொடுமை என்றால் என்ன என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் உதாரணங்களோடு விளக்கியது. அற்ப எரிச்சல்கள், சச்சரவுகள், குடும்ப வாழ்க்கையில் சகஜமாக வரும் உரசல்கள் போதாது என்றது. ஆனால் ஓயாத அவமதிப்பும் அலட்சியமும் புறக்கணிப்பும் சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குப் போனால் அது கொடுமை என்றது. சியாட்டிலில் கேமராவும் நாடிக் கருவியும் வைத்துக் கண்டதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அந்த 0.61 சதவீதத்திலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே ரேஷன் கார்டு, தனித்தனி அறை. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று அம்மா பிள்ளையிடம் சொல்வார். “எனக்கு இப்ப வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்று அப்பா அதே பிள்ளையிடம் சொல்வார். இருவரும் நாலடி தூரத்தில் இருப்பார்கள். கணக்கெடுக்க வருபவர் அவர்களை மணமானவர்கள் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.